மகனைக் கொண்டுவந்த தகப்பன்

(எங்கள் மருத்துவமனை ஆதரவாளர்களின் வருடாந்தரக் கூடுகையில் மருத்துவமனைக் குருவானவர் ஆற்றிய உரை)



 தூரத்து ஊர்களிலிருந்து பஸ் மாறி, ரயில் ஏறி, இந்த வெயிலிலும் எங்களைப் பார்க்க வந்திருக்கிறீர்கள். உங்களுக்காகத் தேவனை ஸ்தோத்தரிக்கிறோம்.

வருஷந்தோறும் இந்தக் கூடுகையில் கண் சிகிச்சை முகாமைப் பற்றியோ புதிய பிரசவ வார்டைப் பற்றியோ பேசுவது எங்கள் வழக்கம். சுகம் பெற்று வீடு திரும்பினவர்களின் சாட்சிகளையும் சொல்லுவோம். இந்த வருஷம் சுகம் பெறாத ஒருவனைப் பற்றிச் சொல்லப்போகிறோம். நீங்கள் தந்த காணிக்கையில் ஒரு பங்கு ஏறக்குறைய பத்து வருஷம் அவனுக்காகச் செலவானது. அவன் பிழைக்கவில்லை. அந்தப் பணம் என்ன ஆயிற்று என்று கேட்க உங்களுக்கு உரிமை உண்டு; பதில் சொல்லும் கடமை எங்களுக்கு உண்டு. அவனுடைய பெற்றோர் சம்மதம் தந்திருக்கிறார்கள். பெயரையும் ஊரையும் மட்டும் சொல்லாமல் விடுகிறோம்.

முதல்முறை எங்களிடம் வந்தபோது அவனுக்கு 14 வயது. ஒன்பதாம் வகுப்பு மாணவன். ஓய்வுநாள் பள்ளியில் மனப்பாட வசனப் போட்டியில் பரிசு மேல் பரிசாக வாங்கினவன். சில மாதங்களாகக் காலையில் எழுந்ததும் அவன் கை தானாகத் துள்ளியது. காப்பி டம்ளர் தெறித்து விழும். கவனமில்லாத பிள்ளை என்று தாயார் இரண்டு அடி வைத்ததும் உண்டு. பிறகு கண்ணுக்கு முன்னால் வெளிச்சப் பொட்டுகள் மின்னி மின்னி மறைவதாகச் சொன்னான். ஒரு ஞாயிற்றுக்கிழமை ஆராதனையில் பாட்டு நேரத்தில் பெஞ்சிலிருந்து சரிந்து விழுந்து வலிப்பு கண்டது. யாரோ ஓடிவந்து சாவிக்கொத்தைக் கையில் திணித்தார்கள். ஆலயமே எழுந்து நின்று பார்த்தது.

தகப்பனார் அவனை அழைத்துவந்தார். வெளிநோயாளர் வரிசையில் உட்கார்ந்திருந்தவர்களிடம் போய் நாங்கள் பேசினோம். பத்தாம் வகுப்பு வரப்போகிறது என்ற பயமாயிருக்கும், தைரியமாயிரு, ஜெபம் பண்ணு என்று அவனுக்குச் சொன்னோம். அன்பாகத்தான் சொன்னோம். ஆனாலும் அது தவறு. அவன் பயந்திருக்கவில்லை, வியாதிப்பட்டிருந்தான்.

நம்முடைய ஜனங்கள் காக்காய் வலிப்பு என்று சொல்லும் நோயைக் குறித்து முதலில் ஒரு நல்ல செய்தியைச் சொல்லிவிடுகிறோம். கால் கை வலிப்பு என்பதுதான் பேச்சு வழக்கில் அப்படித் திரிந்தது. காக்கைக்கும் அதற்கும் சம்பந்தமில்லை. உலகில் ஏறக்குறைய 5 கோடிப் பேருக்கு வலிப்பு நோய் இருப்பதாக உலக சுகாதார நிறுவனம் சொல்லுகிறது. சரியான மருந்து ஒழுங்காகக் கிடைத்தால் பத்தில் ஏழு பேர் வரை வலிப்பில்லாமல் வாழ முடியும். காலையில் கை துள்ளுகிற பிள்ளைகளிலும் பெரும்பாலோருக்கு இருப்பது மருந்துக்கு நன்றாகக் கட்டுப்படும் வகைதான். ஆகவே நாங்கள் சொல்லப்போவதைக் கேட்டு, வலிப்புள்ள உங்கள் பிள்ளையைக் குறித்து யாரும் கலங்க வேண்டாம்.

இந்த மகனுக்கு வந்தது அந்த வகை அல்ல. ஒரு வருஷத்துக்குள் துள்ளல் கையிலிருந்து கால்களுக்கும் பரவியது. நடை தடுமாறியது. ட்யூப்லைட் விட்டு விட்டு எரிந்தாலே உடம்பு தூக்கிப் போட்டது. பத்தாம் வகுப்புப் பரீட்சையில் கேள்வித்தாளை வைத்துக்கொண்டு மூன்று மணி நேரம் சும்மா உட்கார்ந்திருந்தான். இன்னொரு ஊரில் கொடுத்த வலிப்பு மாத்திரையைத் தவறாமல் சாப்பிட்டும் துள்ளல் அதிகமாயிற்று. அந்த மருந்தின் பெயர் ஃபெனிடாயின். சாதாரண வலிப்புக்கு அது எண்ணற்றவர்களுக்கு உதவிய நல்ல மருந்து. இவனுடைய வகையில் அது துள்ளலை மோசமாக்கக்கூடும் என்பது நோயின் பெயர் தெரிந்த பிறகே விளங்கியது. கொடுத்த மருத்துவரைக் குற்றம் சொல்ல இடமில்லை.

பெற்றோர் சோர்ந்துபோனார்கள். ஒரு ஜெப முகாமுக்குக் கொண்டுபோனார்கள். இது பிசாசின் பிடி, மாத்திரை சாப்பிடுவது விசுவாசக் குறைவு என்று அங்கே ஒருவர் சொன்னார். மாத்திரையை முழுவதும் நிறுத்திவிட்டார்கள். நான்காம் நாள் இரவு, நிற்காத வலிப்போடு, ஒரு வாடகை வேனில் அவனை எங்கள் அவசர சிகிச்சைப் பிரிவுக்குக் கொண்டுவந்தார்கள். விடியற்காலம் வரை டாக்டரும் சிஸ்டர்மாரும் போராடினார்கள். தகப்பனார் வராந்தாவில் முழங்காற்படியிட்டிருந்தார். அந்த இரவில்தான் எங்களுக்குச் சுவிசேஷத்தில் வரும் இன்னொரு தகப்பன் நினைவுக்கு வந்தான்.

நமது பழைய தமிழ் வேதாகமத்தில் மத்தேயு 17-ம் அதிகாரத்தில் சந்திரரோகி என்று ஒரு வார்த்தை உண்டு. தீயிலும் தண்ணீரிலும் விழுகிற மகனைத் தகப்பன் இயேசுவிடம் கொண்டுவருகிறான். அதே சம்பவத்தை மாற்கு 9-ம் அதிகாரத்தில் வாசித்தால், ஆண்டவர் அந்தத் தகப்பனிடம் இது எவ்வளவு காலமாய் இருக்கிறது என்று விசாரிக்கிறார். அவன் சிறு வயது முதல் என்கிறான். எத்தனையோ வருஷம் அந்தப் பகுதியின்மேல் பிரசங்கம் பண்ணியும், ஆண்டவர் பொறுமையாய்க் கேட்ட அந்தக் கேள்வியை நாங்கள் கவனித்ததில்லை. எங்கள் டாக்டர் ஒவ்வொரு நோயாளியிடமும் முதலில் கேட்பதும் அதுதான். பத்து மாதங்களுக்கு முன்னே அந்தப் பையனைப் பார்த்தபோது, நாங்கள் புத்தி சொன்னோம், கேள்வி கேட்கவில்லை.

அவன் தேறின பிறகு எங்கள் டாக்டர் அவனை நகரத்தில் உள்ள நரம்பியல் நிபுணரிடம் அனுப்பினார். போக்குவரத்துச் செலவும் பரிசோதனைச் செலவும் உங்கள் காணிக்கையிலிருந்து கொடுக்கப்பட்டன. அக்குளில் ஒரு பருப்பு அளவு தோலை எடுத்து, சாயமேற்றி, மைக்ராஸ்கோப்பில் பார்த்தார்கள். வியர்வைச் சுரப்பிக் குழாய்களில் சிறு சிறு உருண்டைகள் தெரிந்தன. பிறகு மரபணுப் பரிசோதனையும் அதை உறுதி செய்தது. நோயின் பெயர் லாஃபோரா நோய்.

1911-ல் வாஷிங்டன் நகரின் அரசாங்க மனநோய் மருத்துவமனையில் வேலை பார்த்த கொன்சாலோ ரோட்ரிகஸ் லாஃபோரா என்ற ஸ்பெயின் தேசத்து இளம் மருத்துவர், வலிப்பும் அறிவு மங்கலுமாக இறந்த ஓர் இளம் நோயாளியின் மூளையில் இந்த உருண்டைகளைக் கண்டு எழுதினார். அவர் பெயரே நோய்க்கு நிலைத்தது. நம் பக்கத்துக்கும் இது அந்நியமானதல்ல. பெங்களூர் நிம்ஹான்ஸ் மருத்துவர்கள் தென்னிந்தியாவில் கண்ட லாஃபோரா நோயாளிகளைப் பற்றி 1993-லேயே கட்டுரை வெளியிட்டிருக்கிறார்கள்.

உடம்பு தனக்கு வேண்டிய சர்க்கரையைக் கிளைக்கோஜன் என்ற வடிவில் சேர்த்து வைக்கிறது. நல்ல கிளைக்கோஜன் தண்ணீரில் கரையும். அது சீராக உருவாகும்படி லாஃபோரின், மாலின் என்ற இரண்டு புரதங்கள் காவல் காக்கின்றன. இவற்றில் ஒன்று இல்லாமற்போனாலும் கிளைக்கோஜனின் கிளைகள் நீண்டு சிக்கிக்கொள்ளுகின்றன. கஞ்சி ஆறி அடியில் கட்டிப்படுவதுபோல் மூளை அணுக்களுக்குள் கட்டியாகிப் படிகின்றன. அதனால்தான் வலிப்பும் துள்ளலும் மறதியும். இதற்குக் காரணமான மரபணுக்களில் ஒன்று 1998-லும் மற்றொன்று 2003-லும் கண்டுபிடிக்கப்பட்டன. நோய் பெரும்பாலும் 8 முதல் 19 வயதுக்குள் தொடங்குகிறது. தொடங்கிப் பத்து வருஷம் வாக்கில் பெரும்பாலோர் இறந்துபோகிறார்கள். மெதுவாகப் போகும் சில வகைகளும் உண்டு. வலிப்பையும் துள்ளலையும் ஓரளவு அடக்க வால்ப்ரோயேட், குளோனாசெபாம், லெவெடிராசிட்டம் போன்ற மருந்துகள் இருக்கின்றன. நோயையே நிறுத்தும் மருந்து இன்னும் இல்லை. அந்தக் கட்டிகள் உருவாவதையே குறைக்கும் மருந்துகளுக்கான ஆராய்ச்சி நோயாளிகளிடம் சோதித்துப் பார்க்கும் கட்டத்துக்கு வந்திருக்கிறது. அதற்காக ஜெபியுங்கள்.

டாக்டர் இவைகளையெல்லாம் பெற்றோருக்குத் தமிழில் விளக்கிச் சொன்னபோது நாங்களும் அறையில் இருந்தோம். தகப்பனிடத்திலிருந்து ஒரு மரபணுப் பழுது, தாயினிடத்திலிருந்து அதே மரபணுவில் ஒரு பழுது, இரண்டும் ஒரு பிள்ளையினிடத்தில் சேர்ந்தால்தான் நோய். ஒரு பழுது மட்டும் உள்ளவர்களுக்கு ஒன்றும் செய்யாது. அவர்கள் அதை அறியவும் மாட்டார்கள். அப்படிப்பட்ட இருவருக்குப் பிறக்கும் ஒவ்வொரு பிள்ளைக்கும் நாலில் ஒரு பங்கு வாய்ப்பு. நீங்கள் சொந்தத்தில் கலியாணம் செய்தவர்களா என்று டாக்டர் கேட்டார். தாயார் தலையை அசைத்தார். தன் அத்தை மகனைத்தான் அவர் மணந்திருந்தார்.

வெளியே வந்த பிறகு அந்தத் தாயார் எங்களைப் பார்த்து, "ஐயா, நீங்கதானே எங்களுக்கு ஓலை வாசிச்சீங்க. யாருக்காவது ஆட்சேபணை உண்டான்னு மூணு ஞாயிறு கேட்டீங்களே. இந்த ஆட்சேபணையைச் சொல்ல அன்னைக்கு யாருமே இல்லாம போயிட்டாங்களே" என்றார்.

உண்மைதான். பல வருஷங்களுக்கு முன்பு அந்தச் சேகரத்தில் ஊழியம் செய்தபோது அவர்களுடைய திருமண ஓலையை வாசித்ததும், அவர்கள் கைகளைச் சேர்த்து ஆசீர்வதித்ததும் நாங்களே. அந்தத் தாயார் எங்களைக் குற்றப்படுத்தவில்லை. ஆனாலும் அந்த வார்த்தை இன்றுவரை எங்களை விடவில்லை.

சகோதரரே, நாங்கள் சொல்லுவதைத் தவறாக எடுத்துக்கொள்ள வேண்டாம். சொந்தத்தில் பெண் எடுப்பது பாவம் என்று நாங்கள் சொல்லவில்லை. யாக்கோபும் தன் தாய்மாமன் குமாரத்திகளையே மணந்தான். நமது தமிழ்நாட்டில் 2019-21-ல் எடுத்த தேசியக் குடும்ப நல ஆய்வின்படி நாலில் ஒன்றுக்கும் மேற்பட்ட திருமணங்கள் இரத்த சொந்தத்திலேயே நடந்திருக்கின்றன. அவர்களில் மிகப் பெரும்பாலோருக்கு ஆரோக்கியமான பிள்ளைகளே பிறக்கிறார்கள். அந்நியத்தில் மணந்தவர்களுக்கும் இந்த நோயுள்ள பிள்ளை பிறக்கலாம். ஆனால் ஒரே தாத்தா பாட்டியிடமிருந்து வந்த ஒரே பழுது இருவரிடமும் இருக்க வாய்ப்பு அதிகம். வீட்டில் யாருக்காவது இப்படிப்பட்ட நோய் இருந்ததா என்று ஓலை வாசிக்கும் முன் ஒரு கேள்வி கேட்டு, இருந்தால் மரபணு ஆலோசனைக்கு அனுப்புவது ஆயர்களாகிய எங்கள் வேலையே. இப்போது அப்படிச் செய்கிறோம். அண்டைச் சேகரத்து ஆயர்களிடமும் பேசியிருக்கிறோம்.

யார் செய்த பாவம் என்று சீஷர்கள் பிறவிக்குருடனைக் காட்டிக் கேட்டார்கள். ஆண்டவர் அவனையும் குற்றப்படுத்தவில்லை, அவன் பெற்றோரையும் குற்றப்படுத்தவில்லை. நோயின் பெயர் தெரிந்ததனால் அந்தக் குடும்பத்துக்குக் கிடைத்த முதல் சுகம் இதுதான். அதுவரை ஊரார் தாயாரைப் பார்த்துச் சொன்னது ஒன்றல்ல இரண்டல்ல. இனி அவர், என் பிள்ளைக்கு லாஃபோரா என்று ஒரு வியாதி என்று தலைநிமிர்ந்து சொல்ல முடிந்தது.

பிறகு வந்த வருஷங்களைச் சுருக்கமாகச் சொல்லுகிறோம். துள்ளலை மோசமாக்கின மாத்திரையை டாக்டர் சிறிது சிறிதாகக் குறைத்து வேறு மருந்துக்கு மாற்றினார். அவன் மறுபடியும் தன் கையால் டம்ளரைப் பிடித்துக் குடித்தான். அது ஒன்றரை வருஷம் நீடித்தது. ஒரு பையன் தன் கையால் காப்பி குடித்த ஒன்றரை வருஷத்துக்கு என்ன விலை என்று எங்களுக்குக் கணக்குப் போடத் தெரியாது. ஆனால் அதை வாங்கித் தந்தவர்கள் நீங்கள். கண்கூச்சத்துக்குக் கறுப்புக் கண்ணாடி, விழுந்தால் தலை அடிபடாதபடி ஒரு தொப்பி, பிறகு சக்கர நாற்காலி, பிறகு படுக்கைப்புண் வராமலிருக்கத் தண்ணீர்ப் படுக்கை, விழுங்க முடியாமற்போனபோது மூக்குக் குழாய், மாதம் இருமுறை வீட்டுக்குப் போகும் எங்கள் கிராம நர்ஸ். பெண்கள் ஐக்கிய சங்கத்தார் தைத்து அனுப்பிய விரிப்புகளில் எத்தனை அவன் படுக்கையில் கிடந்தன என்பது அந்தத் தாயாருக்குத் தெரியும்.

பரிசு வாங்கின வசனங்கள் ஒன்றொன்றாக அவனை விட்டுப் போயின. இருபது வயதில் அவனுக்குத் தங்கையின் பெயர் சில நாள் நினைவிருக்கும், சில நாள் இராது. நாங்கள் போகும்போது நாங்கள் யார் என்று அறியமாட்டான். ஆனால் அவன் தகப்பனார் பாட்டுப் பாடத் தொடங்கினால் முகம் அந்தப் பக்கம் திரும்பும். அவனுக்காக எவ்வளவோ ஜெபித்தோம். நாங்கள் கேட்டது கிடைக்கவில்லை. ஏன் என்று அந்தத் தகப்பனார் கேட்டபோது எங்களிடம் பதில் இல்லை. சும்மா பக்கத்தில் உட்கார்ந்திருந்தோம்.

அந்தத் தங்கை அவனைவிட நான்கு வயது இளையவள். நோய் இன்னதென்று தெரிந்த வாரமே அவளையும் பரிசோதித்துச் சொல்லுங்கள் என்று தகப்பனார் கெஞ்சினார். அவளுக்கு அப்போது 11 வயது. ஓடி விளையாடிக்கொண்டிருந்தாள். மாற்று மருந்தில்லாத நோய் வருமா என்று ஒரு சிறு பிள்ளைக்கு முன்னதாகச் சொல்லுவதால் என்ன பயன், அவள் வளர்ந்து தானே தீர்மானிக்கட்டும் என்று டாக்டர் சொன்னார். தகப்பனார் கோபித்துக்கொண்டு இரண்டு மாதம் எங்களிடம் வரவில்லை. ஒவ்வொரு காலையும் அவள் டம்ளரைப் பிடிக்கும் கையையே தாயார் பார்த்துக்கொண்டிருப்பாராம். எது சரி என்று இப்போதும் எங்களுக்கு நிச்சயமில்லை. அவள் கை துள்ளவேயில்லை.

இருபது வயதானபோது அவளுக்கும் அத்தை வீட்டில் சம்பந்தம் பேசினார்கள். அப்போது அவளே தனியாக எங்களிடம் வந்தாள். மரபணு ஆலோசகரிடம் அவளை அனுப்பிவைத்தோம். பரிசோதனை செய்துகொண்டாள். முடிவு இன்னதென்று எங்களிடம் சொல்லவில்லை, நாங்களும் கேட்கவில்லை. அந்தச் சம்பந்தம் வேண்டாம் என்று வீட்டில் அவளே சொன்னாள் என்பது மட்டும் தெரியும். இப்போது நர்சிங் படிக்கிறாள்.

அவள் அண்ணன் தன்னுடைய 24-ம் வயதில், நிமோனியா காய்ச்சலில், தன் வீட்டுப் படுக்கையில், தகப்பனார் கையைப் பிடித்திருக்க, கர்த்தருக்குள் நித்திரையடைந்தான்.

அன்பானவர்களே, உங்களிடம் சில காரியங்களைக் கேட்டுக்கொள்ளுகிறோம். உங்கள் சபையில் யாருக்காவது வலிப்பு வந்தால் சாவியைத் தேடாதிருங்கள். சுற்றிலுமுள்ள பொருட்களை அகற்றி, கழுத்துப் பொத்தானைத் தளர்த்தி, ஒருபுறமாகச் சாய்த்துப் படுக்கவையுங்கள். வாயில் ஒன்றும் வைக்காதிருங்கள். 5 நிமிஷத்துக்கு மேல் நீடித்தால் உடனே மருத்துவமனைக்குக் கொண்டுவாருங்கள். ஜெபியுங்கள், ஆனால் எவருடைய மாத்திரையையும் நிறுத்தும்படி சொல்லாதிருங்கள். மருந்து சாப்பிட்டும் வலிப்பு அதிகமாகி, படிப்பும் நடையும் குறைந்துவரும் பிள்ளை எங்கேயாவது இருந்தால், அதை மறைத்து வைக்காமல் நரம்பியல் மருத்துவரிடம் காட்டச் சொல்லுங்கள். அப்படிப்பட்ட பிள்ளை உள்ள வீட்டுக்குப் போங்கள். அந்தத் தாயார் இரண்டு மணி நேரம் தூங்கும்படி நீங்கள் அந்தப் படுக்கையண்டை உட்கார்ந்திருந்தால் அதுவும் ஊழியமே.

அடக்கம் முடிந்த எட்டாம் நாள் அந்தத் தகப்பனார் ஒரு சிறு லாரியில் வந்தார். சக்கர நாற்காலி, தண்ணீர்ப் படுக்கை, மீதியிருந்த விரிப்புகள் எல்லாம் துவைத்து மடித்துக் கொண்டுவந்திருந்தார். "அடுத்த பிள்ளைக்கு ஆகட்டும், ஐயா" என்றார். இறக்கி வைக்க எங்கள் ஆட்கள் வந்தபோது, வேண்டாம் என்று தாமே ஒவ்வொன்றாக இறக்கி வைத்தார். அந்தப் படுக்கை இன்று நம்முடைய வார்டில் கடைசிக் கட்டிலில் இருக்கிறது. அதில் ஒரு பிள்ளை படுத்திருக்கிறது. போகும்போது அந்தப் பிள்ளையைப் பார்த்துவிட்டுப் போங்கள்.

நம்முடைய கர்த்தர் உங்களையும் உங்கள் வீடுகளையும் ஆசீர்வதிப்பாராக. ஆமென்.